பெயர் வாசித்த நாள்

கூடலூரில் ஆடி மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியொரு மழையில்தான், பணியர் பழங்குடிக் குடியிருப்பின் நடுவே தார்ப்பாய்க்குக் கீழே நின்று, ரத்தப் பரிசோதனை முடிவுகளை உரக்க வாசித்தேன். இன்னாருக்கு சிக்கிள் செல் நோய், இன்னார் கேரியர். பின்னால் ‘விழிப்புணர்வு முகாம்’ என்று பேனர் தொங்கியது. சமவெளியிலிருந்து போன நர்ஸ் நான். பெரிய காரியம் செய்வதாக நினைப்பு.

எனக்கிருந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. அதே ஊர்ப் பையன் ஒருவன் காலும் முதுகும் வலித்துக் கதறியபோது, ‘நடிக்கிறான்’ என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லையே! இந்த நோயில் குளிரோ காய்ச்சலோ தண்ணீர் குடிக்காததோ போதும், சிவப்பணுக்கள் அரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். 120 நாள் இருக்க வேண்டிய அணு இருபது நாள்கூடத் தாங்காது. இந்த சிக்கிள் செல் கூறு நீலகிரிப் பழங்குடிகளிடம் இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். அது அந்த வார்டுவரை வந்து சேரவில்லை.

நான் பெயர் வாசித்த வாரமே ஒரு கல்யாணம் நின்றது. அந்தப் பெண் வெறும் கேரியர், நோயாளியே அல்ல. “எம் பொண்ணுக்குக் கெட்ட ரத்தமா சிஸ்டர்?” என்று அவள் அம்மா கேட்டபோது, பேனரை எங்கே ஒளிப்பது என்றிருந்தது.

பிறகு வீடு வீடாகப் போனேன், இரண்டு டம்ளர்களோடு. இருவரும் கேரியர் என்று வைத்து, அப்பா டம்ளரில் ஒரு காப்பிக்கொட்டை, ஒரு மிளகு. அம்மா டம்ளரிலும் அப்படியே. கண்ணை மூடி இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். இரண்டும் மிளகானால்தான் பிள்ளைக்கு நோய். நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு பாட்டிக்கு அடுத்தடுத்து மூன்று முறை மிளகே வந்தது. “முதல் பிள்ளைக்கு வந்தா அடுத்ததுக்கு வராதுன்னு இல்லையா?” என்றாள். இதைவிடச் சரியாக எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

வலியில் கதறிய அந்தப் பையனுக்கு ஹைட்ராக்சியூரியா மருந்து தொடங்கியபின் வலி வருவது குறைந்தது. 2023-இல் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் வந்து, பரிசோதனை முடிவு அட்டைகள் கிடைத்தன. உறையில் போட்டு அவரவர் கையில் கொடுத்தேன்.

ஒருநாள் பொழுது சாய்ந்தபின், கல்யாணம் நின்ற அந்தப் பெண் வந்தாள். தள்ளி, மரத்தடியில் ஒரு பையன் நின்றான்.

“அவருக்கும் ரத்தம் பார்க்கணும் சிஸ்டர்” என்றாள். நான் ஊசியை எடுக்கப் போனேன். “பேரை வாசிக்க மாட்டீங்கல்ல?”