கடலோரத்துக் குட்டிக்குக் கடல் காட்டப் போனோம்! - திருவொற்றியூர் டு அந்தமான்... ஒரு குடும்ப டிரிப்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். ராத்திரியில் அந்தக் கப்பல் விளக்குகளை எண்ணிக்காட்டித்தான் அக்கா தன் மகளுக்குச் சோறு ஊட்டுவாள். ஆனால், மூன்றரை வயதாகியும் குட்டி கடலில் கால் நனைத்ததே இல்லை.

காரணம், எங்கள் தெருமுனையில் மணல் கிடையாது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான். அலை வந்து கல்லில் மோதித் தெறிக்கும். குட்டி பயந்து அக்காவின் தோளைக் கட்டிக்கொள்வாள். "மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போறதுதானே?" என்று கேட்பீர்கள். போனோம். பஜ்ஜி சாப்பிட்டோம், குதிரை பார்த்தோம். ஆனால், இழுப்பு அதிகமுள்ள அந்தக் கடலில் குளிக்கத் தடை இருக்கிறது. சின்னக் குழந்தையை இறக்கிவிட எங்களுக்கு மனசு வரவில்லை.

கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் மாமாவுக்குப் போன டிசம்பரில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. "பாப்பாவுக்கு ஒரு தடவையாவது நல்ல கடலைக் காட்டிடலாம். அந்தமான் போலாமா?" என்றார். பாஸ்போர்ட் வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், தமிழ் பேசினாலே பல இடங்களில் சமாளித்துவிடலாம். உடனே எல்லோரும் தலையாட்டினோம். திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

கப்பலா, விமானமா?

அப்பா ஹார்பரில் 31 வருஷம் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். "கப்பல்லதான் போவணும். இத்தனை வருஷம் ஏத்தி எறக்குனேனே, ஒரு நாளாவது நான் உக்காந்து போனேனா?" என்றார்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் போகிறது. இந்தப் போர்ட் பிளேருக்குத்தான் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சுமார் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். கடலில் கிட்டத்தட்ட மூன்று நாள். கட்டணம் விமானத்தைவிட மலிவு. பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் இருந்து தனி கேபின் வரை இருக்கிறது. ஆனால், கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில முறைதான். வானிலையைப் பொறுத்து தேதியும் மாறும். ஒரு வார லீவில் போய்த் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் ஒத்துவராது.

எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. குட்டிக்கு வீசிங் உண்டு. குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும். "நடுக்கடல்ல மூச்சு வாங்குச்சுன்னா என்னப்பா பண்ணுவேன்?" என்று அக்கா கேட்டாள். கப்பலில் டாக்டர் இருப்பார் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அக்கா பதில் பேசவில்லை. அப்பாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால், இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேசாமல் இருந்தார்.

கடைசியில் மாமாதான் வழி சொன்னார்: "நாம ஃபிளைட்ல போலாம். மாமா கப்பல்ல முன்னாடியே கிளம்பட்டும். அங்க வந்து நம்மளோட சேர்ந்துக்கட்டும்." அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! மறுநாள் காலையிலேயே ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

எப்போது போவது?

குழந்தையோடு போவதென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முழுப்பரீட்சை லீவில்தான் போக முடியும் என்பவர்கள், மாதத்தின் முதல் பாதியிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரவாக்கில், அந்தமான் கடலைத் தொட்டுவிடும். அலை கூடினால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகள் ரத்தாகும். கைக்குழந்தையோடு ஜெட்டியில் காத்திருப்பது கொடுமை.

குட்டி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை என்பதால் நாங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். விமானத்தில் இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத் தனி சீட் எடுக்க வேண்டும். இதை மறந்து பட்ஜெட் போடாதீர்கள்.

ஐந்து தீவை அடித்துவிட்டு, ஒரே கடற்கரை

நான் முதலில் எழுதிய லிஸ்ட்டில் ஹேவ்லாக், நீல், பாராடங் குகை, ராஸ் தீவு, செல்லுலர் சிறை என்று ஏழெட்டு இடங்கள் இருந்தன. அக்கா பேனாவை வாங்கினாள். "இவ மத்தியானம் எப்பத் தூங்குவா, அதை எழுது முதல்ல" என்றாள். அந்த ஒரு கேள்வியில் பாதி லிஸ்ட் காலி!

பாராடங் போக விடியற்காலையிலேயே கிளம்பி, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாக வாகன அணிவகுப்பில் போய்வர வேண்டும். ஒரு முழு நாள். குழந்தை தாங்காது. அதோடு, அது அவர்கள் வாழும் காடு. நாம் வேடிக்கை பார்க்கப் போகிற இடமில்லை என்று எனக்குத் தோன்றியது. அதை விட்டோம். நீல் தீவையும் விட்டோம். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று இரவு. அவ்வளவுதான். 2018-ல் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்துவிட்டாலும், ஊரில் பலரும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயம், அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நம்மைவிட முந்திக்கொள்ளும். பிப்ரவரியில் காலை ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சீக்கிரம் எழும் குழந்தைகளுக்கு இது வசதி. காலையில் கடற்கரை, மத்தியானம் தூக்கம், மாலையில் திரும்பவும் ஒரு மணி நேரம் கடற்கரை. எங்கள் முழுத் திட்டமே இதுதான்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

குழந்தைகள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். குட்டிக்கு வழக்கமான மருந்துகள், கையடக்க நெபுலைசர், மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் கையில் எடுத்துப்போகும் பையிலேயே வைத்தோம். படகில் குமட்டலுக்கான மருந்தையும் டாக்டரிடம் கேட்டு, அளவு எழுதி வாங்கினோம். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது தப்பு.

கொசு விரட்டி, சாயங்காலத்துக்கு முழுக்கால் பேன்ட் அவசியம். சில கடற்கரைகளில் மணல் ஈக்கள் கடிக்கும். ஒரு வாரம் அரிக்கும். ஹேவ்லாக்கில் ஏ.டி.எம் குறைவு என்பதால் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இன்டர்நெட் பரவாயில்லை. ஆனாலும் குழந்தைக்கான பாட்டு வீடியோக்களை டவுன்லோடு செய்துவிடுங்கள். பெரிய மருத்துவமனை என்றால் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. நாங்கள் தங்கும் இடத்தை முடிவு செய்யும் முன்பே அது எங்கே என்று மேப்பில் பார்த்துவைத்தோம்.

தாத்தா போகும் கப்பல்

அப்பா கிளம்பிய அன்று நாங்கள் காசிமேடு பக்கம் போய் நின்றோம். துறைமுகத்திலிருந்து கப்பல் மெதுவாக வெளியே வந்தது. "தாத்தா டாட்டா" என்று குட்டி கத்தினாள். மேல் தளத்தில் நின்ற கூட்டத்தில் அப்பா எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் சேர்த்துக் கையாட்டினோம். அன்றிரவு அவருடைய போன் போகவில்லை. நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்று தெரிந்தும் அம்மா மணிக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. "கப்பல்ல ஒரே ஆட்டம். மொத நாள் வாந்தி. பாப்பாவைக் கூட்டிட்டு வராதது நல்லதாப் போச்சு" என்றார். அக்கா அப்போதுதான் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலை நாங்கள் விமானம் ஏறினோம். இரண்டேகால் மணி நேரம். இறங்கும்போது காது அடைக்காமல் இருக்கக் குட்டிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வெளியே வந்தால், நேற்றிலிருந்து அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி ஆட்டோ பேசி வைத்துக்கொண்டு நின்றார் அப்பா.

"கல்லு எங்க?"

ஹேவ்லாக்கில் தங்கும் விடுதிகள் பல கிழக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே கடல் வற்றும்போது பவளப்பாறை வெளியே தெரியும். குழந்தையின் காலைக் கிழித்துவிடும். அதனால், தீவின் மறுபக்கம் இருக்கும் ராதாநகருக்குப் போனோம். நீளமான வெள்ளை மணல், உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், கரையோரம் ஆழம் குறைவு. ஒன்று மட்டும் கவனம். அந்தமானின் சில பகுதிகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் குழந்தையை இறக்கவே கூடாது.

குட்டி மணலில் இறங்கியதும் நின்றுவிட்டாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கல்லு எங்க தாத்தா?"

கடல் என்றால் கல்லும் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். எங்கள் யாருக்கும் உடனே சிரிப்பு வரவில்லை. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோரம் போய் உட்கார்ந்தார். முதல் அலை காலைத் தொட்டதும் அழுதாள். நான்காவது அலைக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு மூன்று நாளும் அவளைக் கரையேற்றுவதுதான் எங்களுக்கு வேலை.

கிளம்பும்போது ஒரு பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கி வைத்திருந்தாள். அங்கிருந்து சிப்பி, பவளம் எதையும் எடுத்துவரக் கூடாது. விமான நிலையத்தில் சோதிப்பார்கள். "இது கடலோட வீடு, வச்சிட்டு வந்துடலாம்" என்று அக்கா சொல்ல, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். அதற்கே அரை மணி நேரம் ஆனது.

நம்ம ஊரு மணல்

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம், தெருமுனைக் கற்களுக்கு முன்னால் நின்று குட்டி கேள்வியை மாற்றிக் கேட்டாள்: "இங்க மணல் எங்க தாத்தா?"

அப்பா சொன்னார், "இருந்துச்சு கண்ணு. நாங்க இங்க கபடி ஆடிருக்கோம். கட்டுமரம் எல்லாம் வரிசையா நிக்கும்."

நம் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் வழியில் தடுக்கப்பட்டது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரிக்க ஆரம்பித்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும் சேர்த்துக்கொண்டால், எங்கள் பிள்ளைகள் கால் நனைக்கும் இடம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று புரியும். அதே துறைமுகம்தான் அப்பாவுக்கு 31 வருஷம் சம்பளம் கொடுத்தது. அக்காவையும் என்னையும் படிக்க வைத்தது. அதனால், அவரால் அதைத் திட்டவும் முடியவில்லை.

சின்னக் குழந்தையோடு தீவுக்குப் போக நினைக்கிறீர்களா? தாராளமாகப் போங்கள். இடங்களைக் குறைத்து, குழந்தையின் தூக்கத்தை முதலில் எழுதி, மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள். முடிந்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிப்போங்கள்.

அடுத்த சீட்டு எப்போது விழும் என்று மாமா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை அம்மாவும் கப்பலில்தான் வருவாராம்.