இரண்டு குளமும் ஓர் அணையும்

ஜூன் 4, நாகர்கோவில்

ஸ்கேன் சென்டரைப் பூட்டிவிட்டு வந்ததும் பரத் பிஸ்வாலின் 1995ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்தேன். நாள் முழுக்க எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு இருக்கிற எனக்கு அது பெரிய வியப்பு. மில்வாக்கியில் ஆய்வு மாணவராக இருந்த அவர், ஆட்களை விரல் தட்டச் சொல்லி, கையசைவுக்கான மூளைப் பகுதியை முதலில் அடையாளம் கண்டார். பிறகு அவர்களைச் சும்மா படுத்திருக்கச் சொன்னார். அப்போதும் இடப்பக்கப் பகுதியின் ஏற்ற இறக்கம் வலப்பக்கத்தோடு ஒத்துப்போனது. ஓர் அலை முடியப் பத்து விநாடிக்கு மேலாகும். அத்தனை மெதுவான ஆட்டம். இரைச்சல் என்று கழித்துவிடக்கூடிய இடத்தில் அவர் உறவைப் பார்த்தார். இப்படிச் சும்மா இருக்கும்போது தெரிகிற உறவைத்தான் ஓய்விணைப்பு என்கிறார்கள்.

எஃப்.எம்.ஆர்.ஐ. எனும் இந்த வகைப் படத்தில் இயந்திரம் நரம்பணுவைப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதைத்தான் பார்க்கிறது. இதை மறந்தால் மேலே படிப்பதெல்லாம் வீண்.

ஜூன் 9

இன்று ஒரு பெரியவர் வந்தார்.

“பாட்டா, தலை அனங்கப்பிடாது.”

“எவ்வளவு நேரம் மக்கா?”

“இருவது நிமிசம்.”

எங்களுக்குத் தலை அசைந்தால் படம் மங்கும். திரும்ப எடுத்தால் தீர்ந்தது. இணைப்பைக் கணக்கிடுகிறவர்களுக்கு அப்படியில்லை. 2012இல் ஜொனாதன் பவர் குழு காட்டியது: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவே, அருகருகே உள்ள பகுதிகள் கூடுதலாகச் சேர்ந்திருப்பதுபோலவும், தொலைவில் உள்ளவை விலகியிருப்பதுபோலவும் காட்டிவிடும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆகவே குழந்தை மூளைக்கும் பெரியவர் மூளைக்கும் வித்தியாசம் என்று எழுதப்பட்டதில் ஒரு பங்கு வெறும் தலையசைவு. படுக்கையில் கிடப்பவரிடம் பொறுமையாகப் பேசி அமைதிப்படுத்துவதும் இந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதிதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 16

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்தாகிவிட்டது, கன்னிப்பூ நெல்லுக்குத் தண்ணீர். தோவாளைச் சானலில் ஒரு குளம், அனந்தனார் சானலில் ஒரு குளம். இரண்டிலும் ஒரே வாரத்தில் தண்ணீர் ஏறுகிறது. அளவை மட்டும் குறித்துவைப்பவர் இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் இருப்பதாக முடிவுகட்டலாம். வாய்க்கால் கிடையாது, இரண்டுக்கும் தண்ணீர் புத்தன் அணையிலிருந்து வருகிறது.

மூளையிலும் இதே சிக்கல். இரண்டு பகுதிகளின் ஒட்டுறவு மூன்றாவது ஒன்றால் வந்திருக்கலாம். மற்ற எல்லாப் பகுதிகளின் பங்கையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் பகுதி ஒட்டுறவு. அதற்கு வேண்டியது பிளஸ் டூவில் படித்த நேர்மாறு அணி. ராத்திரி வெகுநேரம் இதிலேயே உட்கார்ந்திருந்தேன். 2016இல் வந்த கிளாசர் குழுவின் வரைபடத்தில் மூளைப் புறணிக்கு 360 பகுதிகள், சோடிகள் 64,620. இரண்டு விநாடிக்கு ஒரு படம் என்று ஆறு நிமிடம் எடுத்தால் கையில் இருப்பது 180 படம். 360 பகுதிக்கு 180 படம் போதாது. ஒட்டுறவு அணியின் அணிக்கோவை மதிப்பு பூச்சியமாகிவிடும், நேர்மாறு கிடைக்காது. அதனால் பெரும்பாலான சோடிகளுக்கு நேரடித் தொடர்பில்லை என்று எடுத்துக்கொண்டு, வலுவற்றவற்றைப் பூச்சியமாக்குகிற முறை ஒன்றைக் கையாளுகிறார்கள். கிராஃபிகல் லாஸோ என்று பெயர், 2008இல் வந்தது. எவ்வளவு கடுமையாகக் கழிப்பது என்பது ஆய்வாளர் கையில் இருக்கிறது. அளவு மாறினால் வலையின் வடிவமே மாறும். எந்த அளவு, ஏன் அந்த அளவு என்று சொல்லாத மூளைப் படம் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஜூன் 23

மூளையில் எந்தப் பகுதி எதை இயக்குகிறது? முதலில் ஏறுவதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நரம்பணு வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்தே ரத்த மாற்றம் உச்சிக்கு வருகிறது; அந்தத் தாமதமும் இடத்துக்கு இடம் வேறு. கார்ல் ஃபிரிஸ்டன் குழு 2003இல் கொண்டுவந்த முறை இதை நேராக எதிர்கொள்கிறது. பகுதிகள் ஒன்றையொன்று இயக்குவதற்கு ஒரு சமன்பாடு, ரத்தம் அதற்கு ஈடுகொடுப்பதற்கு இன்னொன்று. பல ஊகங்களை எழுதி, எது தரவுக்குப் பொருந்துகிறது என்று போட்டியிடவைக்கிறார்கள். ஊகத்தை முதலிலேயே எழுதச் சொல்வதால் இந்த முறை எனக்குப் பிடிக்கிறது.

ஜூலை 1

வலிப்பு வருகிற பையனைக் கூட்டிவந்த அம்மா, “எந்த நரம்பு எங்க சேருதுன்னு இதுல தெரியுமா மக்களே?” என்று கேட்டார். எங்கள் படம் வடுவையும் கட்டியையும் காட்டும், இணைப்பைக் காட்டாது என்றேன். சுமார் 70 கிலோமீட்டரில், திருவனந்தபுரத்தில், ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையம் இருக்கிறது. 1995 முதல் அங்கே வலிப்புக்கு மூளை அறுவை செய்கிறார்கள்; கத்தி வைக்கும் முன் பேச்சுக்குரிய பகுதி எது என்று எஃப்.எம்.ஆர்.ஐ.யில் பார்க்கிறார்கள். அது இன்றைக்குப் பயன்படுகிற வேலை. ஆனால் ஓய்விணைப்பு வலையை மட்டும் வைத்து ஒருவருக்கு இன்ன நோய் என்று தீர்ப்புச் சொல்கிற நிலை இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற கருமூளை வரைபடத்தை வெளியிட்டது. 5,132 மெல்லிய வெட்டுகள், உயிரணு அளவில். எஃப்.எம்.ஆர்.ஐ.யின் மூன்று மில்லிமீட்டர்க் கட்டத்துக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனையோ பேருக்கு வேலை கிடக்கிறது.

நம் மாவட்டக் கல்லூரிகளில் கணிதமும் பொறியியலும் படிக்கிற பிள்ளைகளே, மூளை இணைப்பை ஆராயும் ‘ஹியூமன் கனெக்டோம்’ திட்டத்தின் தரவு பதிவு செய்தால் இலவசம். அதை அலசுவதற்கான ‘நைலேர்ன்’ மென்பொருளும் இலவசம். முதலில் அணிகளையும் நிகழ்தகவையும் ஊன்றிப் படியுங்கள், பிறகு தரவைத் திறந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கு வாருங்கள். படம் எப்படி எடுக்கிறோம் என்று எங்களால் காட்ட முடியும்.