கட்டியின் குணம் சொல்லும் புரதங்கள்

மூளையில் கட்டி என்று கேட்டதுமே நம்மில் பலருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. 'இனி அவ்வளவுதான்' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால் எல்லாக் கட்டிக்கும் ஒரே குணம் இல்லை, சகோதரிகளே! சில பல வருஷம் மெல்ல வளரும். சில மாதக் கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். எது எந்த ரகம் என்பதை, வெட்டி எடுத்த சதைத் துணுக்கில் இருக்கும் புரதங்கள் காட்டிக் கொடுக்கின்றன. பத்தாவது மட்டும் படித்த எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் நாத்தனாருக்கு அந்த நோய் வந்தபோது தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர். பெரியநாயகி மாதா கோயில் இருக்கிற ஊர் என்றால் திருச்சிப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். நாத்தனாரை உள்ளூரிலேயே கொடுத்திருக்கிறோம். 2022-இல் அவளுக்கு வயது 34. சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, சில நாள் வாந்தியும் உண்டு. பித்தம் என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார் என் மாமியார். ஒருநாள் அடுப்படியிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். (வலிப்புக்கு இரும்பு மருந்தல்ல. வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.)

திருச்சியில் ஸ்கேன் எடுத்ததில் மூளையின் முன்பகுதியில் கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "கண்ணுக்குத் தெரிந்தவரை எடுத்துவிட்டோம். எந்தத் தரம் என்று தெரிய இரண்டு வாரம் ஆகும்" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு வாரம் இருக்கிறதே! அவள் வீட்டுக்காரர் கிணற்றடி நிலத்துக்கு விலை பேசவே ஆரம்பித்துவிட்டார். "நிலம் போனாப் போகட்டும் அக்கா, அவ இருந்தாப் போதும்" என்றார். மாமியாரோ, "எம் பொண்ணை இதுக்கு மேல வதைக்காதீங்க, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று அழுதார். "ரிப்போர்ட் வரட்டும் அத்தை, அப்புறம் எதுன்னாலும் செய்யலாம்" என்று இருவரையும் பிடித்து நிறுத்துவதே எனக்கு வேலையாகிவிட்டது.

இரண்டு வாரம் அப்படி என்னதான் செய்கிறார்கள்? நர்ஸிங் படிக்கும் என் மகள் விளக்கினாள். துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். பிறகு, தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தை அதன்மேல் விடுகிறார்கள். அந்தப் புரதம் இருக்கிற இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்.

இதில் ஒரு புரதத்துக்கு 'கே.ஐ.-67' என்று பெயர். ஜெர்மனியில் கீல் நகரத்து ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்டது. ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தும், சோதனைத் தட்டில் 67-ஆவது குழியும் சேர்ந்த பெயர். பெருகத் தயாராகும் செல்லில்தான் இது இருக்கும். ஓய்ந்திருக்கும் செல்லில் இராது. ஒரு தெருவில் எத்தனை வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தெரு எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று தெரியாதா? அது போலத்தான், நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ணுகிறார்கள். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தரம் சொல்லிவிட மாட்டார்கள். செல்லின் தோற்றத்தையும் மற்றச் சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்வார்கள்.

இன்னொன்று ஐ.டி.எச்.-1. மூளைக் கட்டிகள் சிலவற்றில் இது உருமாறி இருப்பதை 2008-இல் கண்டார்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகளில், இந்த மாற்றம் உள்ளது பொதுவாக நிதானமாகப் போகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-இலும் 2021-இலும் கட்டிகளை வகைப்படுத்தும் முறையை மாற்றியபோது, இவற்றுக்கும் இடம் கொடுத்தது. தரம் 1 முதல் 4 வரை. எண் ஏற ஏற வேகம் அதிகம்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் வாணி சந்தோஷ், இந்திய அறிவியல் கழகத்தின் குமாரவேல் சோமசுந்தரம் ஆகியோர் அடங்கிய குழு, கட்டியின் தரத்துக்குத் தக்கபடி அளவு மாறும் சில புரதங்களைப் பற்றி 2010-இல் எழுதியிருக்கிறது.

நாத்தனாரின் ரிப்போர்ட் வந்தது. ஐ.டி.எச். மாற்றம் இருந்தது, கே.ஐ.-67 நூற்றுக்கு மூன்றுதான். தரம் 2! வயதும் நாற்பதுக்குள், கட்டியும் முழுதாக எடுத்தாயிற்று என்பதால், உடனே கரண்டு வைக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார்கள். நிலமும் தப்பியது. இந்த ரகம் திரும்பவும் தலை தூக்கலாம் என்பதால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவள் தன் பிள்ளைகளுக்குத் தானே சமைத்துப் போடுகிறாள்.

யார் வீட்டிலாவது இப்படி நேர்ந்தால், "என்ன தரம், எந்தெந்தப் புரதம் பார்த்தீர்கள்?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். வேறு டாக்டரிடம் காட்ட விரும்பினால், அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கிப் போங்கள். அதுவரை நிலத்தையும் விற்க வேண்டாம், நம்பிக்கையையும் விட வேண்டாம்.