அப்பாவின் கப்பல்

சூசன் ஹேவுட் 2023இல் எழுதிய 'வேவ்வாக்கர்' நினைவுக்குறிப்பை வாசிக்கச் சொல்லி ஒரு நண்பன் கொடுத்தான். "உலகத்தையே சுத்துன குடும்பம்டா" என்றான். செல்லூர்க்காரர்களுக்குக் கடலோடு பெரிய பழக்கமில்லை. எங்கள் கண்மாய் நிரம்பினால் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். மிதவைத் தொழில்நுட்பம் என்றால் 2017இல் வைகை அணையில் விட்ட தெர்மோகோல்தான்.

1976இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து கிளம்பும்போது சூசனுக்கு ஏழு வயது. கேப்டன் ஜேம்ஸ் குக் இருநூறு வருடங்களுக்கு முன் போன மூன்றாவது பயணத்தின் தடத்தில் போக வேண்டுமென்பது அவருடைய அப்பா கார்டன் குக்கின் ஆசை. வீட்டை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். மூன்று வருடம் என்பது பேச்சு. ஆனது பத்து வருடம்.

அடுத்த வருடமே தெற்கு இந்தியப் பெருங்கடலில் ராட்சத அலை ஒன்று கப்பலை அடித்து நொறுக்கியது. சிறுமியின் மண்டையோட்டில் விரிசல், மூக்கு உடைந்தது. தண்ணீரை இறைத்துக்கொண்டே ஆம்ஸ்டர்டாம் என்ற குட்டி பிரெஞ்சுத் தீவைத் தேடிப் பிடித்தார்கள். அங்கே மயக்க மருந்தில்லாமல் அவர் தலையில் பல முறை அறுவை செய்தார்கள். படிக்கும்போது என் கை என்னையறியாமல் நெற்றிக்குப் போனது.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அலையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது முன்னுரை மாதிரிதான் பட்டது. கப்பல் மறுபடி கிளம்புகிறது, வருடங்கள் ஓடுகின்றன, பெண் வளர்கிறாள். செலவுக்காகக் காசு கொடுத்து வரும் ஆட்களைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். தம்பி மேல்தளத்தில் பாய்மர வேலைக்கு. அக்கா கீழே, சமையலுக்கும் துடைப்பதற்கும். அவள் கேட்டதெல்லாம் பள்ளிக்கூடம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அஞ்சல்வழிப் பள்ளியில் சேர்ந்து, பாடங்களைத் துறைமுகம் துறைமுகமாகத் தபாலில் அனுப்பிப் படிக்கிறாள்.

"இதுல என்னடா குறை? நாம ராமேஸ்வரத்தைத் தாண்டல" என்றான் அதே நண்பன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் காசும் பாஸ்போர்ட்டும் இல்லாத பிள்ளைக்குப் பசிபிக் எவ்வளவு பெரிசாக இருந்து என்ன பிரயோஜனம்? 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29இல் திரும்பினார்கள் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும். இருவரும் கடற்படை அதிகாரிகள், வேண்டுமென்று கேட்டுப் போனவர்கள். அலை இவர்களுக்கும் அதே அலைதான். சூசனிடம் யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா எட்டாவதோடு நின்றவர். தாத்தா தறிக்குழியில் இறங்கினால், தார் சுற்ற வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆள் மூத்த பெண். மாமாக்கள் இரண்டு பேரும் காலேஜ் முடித்தார்கள். தாத்தா கொடுமைக்காரர் இல்லை, பாசமான மனுஷன். கார்டன் குக்கும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். தன் கனவில் மற்றவர்களும் சந்தோஷமாக இருப்பதாக நம்பும் அப்பாக்களைத் திட்டவும் முடிவதில்லை.

அம்மா ராட்டை மாதிரி கையைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "கப்பல்லயும் பொம்பளப் பிள்ளைய அடுப்படிக்குத்தான் அனுப்புனாய்ங்களா?"

ஆமாம் என்றேன். பதினாறு வயதில் அவளையும் தம்பியையும் நியூசிலாந்தின் ரோட்டோருவா ஏரிக்கரை வீடொன்றில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் கப்பலேறியதைச் சொன்னேன். மாதக்கணக்கில் தம்பியையும் பார்த்துக்கொண்டு, அஞ்சல்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, ஊர் ஊராகப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியதைச் சொன்னேன். கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு நேர்காணலுக்குக் கூப்பிட்டு இடமும் கொடுத்ததைச் சொன்னபோது அம்மாவிடமிருந்து ஆச்சரியமோ பாராட்டோ வரவில்லை.

"தம்பிக்குச் சோறு யாரு பொங்குனது?"

"அவங்கதாம்மா."

"பெறகு எப்பப் படிச்சா?"