மணலில் அமர்ந்த ஆசான்

தாய்மொழியை எவரும் நமக்குக் கற்பித்ததாக நினைவில்லை. பாலோடும் தாலாட்டோடும் அது நம்முள் வந்து குடியேறிவிடுகிறது. இரண்டாம் மொழியோ அவ்வாறன்று. அதனை ஒருவர் நமக்குக் கொணர்ந்து தருகிறார். தருகின்ற கை எத்தகையது என்பதும் அம்மொழியோடு சேர்ந்தே குழந்தையின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. அன்போடு தரப்பட்ட மொழி வாழ்நாள் முழுதும் துணையாக நிற்கும். அச்சத்தோடு திணிக்கப்பட்ட மொழி நாவில் ஏறினாலும் நெஞ்சில் முள்ளாகவே தங்கும்.

இவ்வெண்ணத்தை நம்முள் எழுப்பியவர் நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர். கடலூர்க் கடலோரத்தில் பிறந்து, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்றவர். சீன நாட்டிலுள்ள பன்னாட்டுப் பள்ளியொன்றில் மழலையர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. புறப்படுமுன் ஆசி பெற வந்தவர், "சாமி, அவங்க பாஷையில எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இங்கிலீஷும் என் தாய்மொழி இல்ல. அந்தச் சின்னப் பிள்ளைங்க முன்னாடி நான் எப்படிப் போய் நிக்கிறது?" என்று கேட்டார். "நிற்காதே மகளே, உட்கார்ந்துகொள்" என்று மட்டும் சொல்லி ஆசி வழங்கினோம். அச்சிறு விடைக்குப் பின்னால் நம் மண்ணின் முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அவருக்காகவும், அவரைப்போல் கடல் கடந்து கற்பிக்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்காகவும் அதனை இங்கே சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

ஆங்கிலம் கடலூருக்கு வந்த வழியை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1690ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சூழ்ந்த நிலத்தின் எல்லையை வகுக்க அவர்கள் கையாண்ட அளவுகோல் விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்களைத் தமதாக்கிக்கொண்டனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆக, ஆங்கிலம் பேசியோர் நம் ஊருக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னே வந்தது குண்டு. எந்த மொழியும் இவ்வாறு வரக்கூடும். தன் வலிமை எட்டும் தொலைவையெல்லாம் தனதென்று கொள்வது ஆதிக்க மொழிகளின் இயல்பு.

ஆனால் அதே கோட்டையின் நிழலில் மற்றொரு வழியும் திறந்தது. 1717ஆம் ஆண்டில் தரங்கம்பாடியின் லுத்தரன் மறைப்பணியாளர்கள் கடலூரில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினர். 1740இல் கீர்நாண்டர் என்னும் குருவானவர் கடலூருக்கு வந்து, அங்குள்ள சபையையும் பள்ளியையும் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் பேணினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றியபோது அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. கல்கத்தாவை அடைந்தவர் அவ்வாண்டு முடியுமுன்னரே அங்கேயும் பள்ளி திறந்துவிட்டார். அவர் பிறந்தது சுவீடன் நாட்டில். ஆங்கிலேயரின் நகரங்களில் பள்ளி நடத்திய அவருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. "இங்கிலீஷ் என் தாய்மொழி இல்ல" என்று தயங்கிய நம் மகள் இதனை அறிதல் நலம். தானும் ஒருகாலத்தில் தட்டுத்தடுமாறிக் கற்ற ஒருவருக்குத்தான், கற்கும் குழந்தையின் கால் எங்கே இடறும் என்பது தெரியும்.

கடலூர்ப் பள்ளிக்கு வித்திட்ட தரங்கம்பாடிப் பணியின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு என்னும் செர்மானிய இளைஞர் அங்கே கரையேறினார். கற்பிக்க வந்தவர் அவர். ஆயினும் அவ்வூர் மொழி அறியாதவராய், முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளியை நடத்துமாறு வேண்டிக்கொண்டார். பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்தார். அவர்கள் விரலால் மணலில் அகரம் எழுத, அவரும் எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி நிறைவுற்றது என்றால், அதன் முதல் எழுத்து குழந்தைகளின் நடுவே மணலில் எழுதப்பட்டது என்றே சொல்ல வேண்டும். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். ஆயினும் நல்லது எங்கிருப்பினும் அதனை ஏற்றுப் போற்றுவதே கத்தோலிக்க மனம்.

நம் திருச்சபையிலும் இதற்குச் சான்றுகள் குறைவல்ல. 1542இல் கோவா வந்தடைந்த புனித சவேரியார், தெருத்தெருவாய் மணியடித்துச் சிறுவரைக் கூட்டினார். முத்துக்குளித்துறைக்கு வந்தபோது செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து ஒப்புவித்தார். பின்னர், கற்ற சிறுவரையே தத்தம் வீட்டார்க்கும் அயலார்க்கும் ஆசிரியர்களாக்கினார். அவருடைய கண் கடைசியில் நோக்கியது சீனத்தையே. அந்நாட்டின் பெருநிலத்தில் கால் பதிக்க இயலாமல், கரைக்கு எதிரேயுள்ள சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அதே ஆண்டில் இத்தாலியில் பிறந்தவர் மத்தேயு ரிச்சி. இந்தியாவில் சில ஆண்டுகள் தங்கி, கொச்சியில் குருப்பட்டம் பெற்று, சீனம் சென்றார். அம்மக்களின் மொழியைப் பல்லாண்டு பயின்று, 1595இல் அம்மொழியிலேயே ஒரு நூல் எழுதினார். அந்நூலின் பொருள் நட்பு. நம் மகள் செல்லும் நாட்டின் வாயில் இவ்வாறுதான் திறந்தது.

இனிச் சிதம்பரத்திற்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பர்சிவல் பாதிரியார் நடத்திய பள்ளியில் பயின்று, அங்கேயே ஆங்கிலமும் தமிழும் கற்பித்தவர் ஆறுமுக நாவலர். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் பர்சிவலுக்குத் துணைநின்றவரும் அவரே. 1848இல் அப்பணியைத் துறந்து, தம் சைவ நெறியைக் காக்க வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அந்நகரில் உள்ளது. கிறிஸ்தவப் போதகர்களை அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார் என்பதை நாம் அறிவோம். எனினும் ஓர் ஆசிரியரின் பணியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பர்சிவல் தமிழைக் கற்றார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கினார். தம் மாணவரின் தமிழை மதித்தார். அதனால் அம்மாணவர், தாம் பெற்ற கல்வியைத் தம் சொந்த நம்பிக்கைக்கே பயன்படுத்தும் உரிமையோடு வெளியேறினார். மாணவன் நம்மிடம் கற்றதைக் கொண்டு நமக்கு மறுப்புச் சொல்லவும் வல்லவனானால், நாம் கொடுத்தது கொடைதான், விலங்கு அன்று.

இவ்வளவும் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. சீன அரசு 2001இல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கப் பணித்தது. அதன்பின் மழலையரைக்கூட மாலைதோறும் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் போட்டி பெருகிற்று. 2021 சூலையில் அவ்வரசே பிள்ளைகளின் சுமையையும் பெற்றோரின் செலவையும் குறைப்பதாகக் கூறி, தனிப்பயிற்சி வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. பள்ளிப் பருவம் எய்தாத சிறாருக்கு இணையவழிப் பயிற்சியைத் தடைசெய்தது. நம் நாட்டு நிலையும் தொலைவில் இல்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் விரிவாக்கப்பட்டன. மீனவக் குப்பங்களிலும் சேரிகளிலும் உள்ள பெற்றோர் தம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமென ஏங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வேக்கம் நேர்மையானது. நந்தனார் வாயிலில் காத்து நின்றதாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் அவர் பெயரால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் திறந்தார். கல்வி எனும் கதவு யாருக்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்ததோ, அவர்களிடம் சென்று ஆங்கிலம் வேண்டாம் என்று உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் கதவு திறக்கையில் வீடு இடியலாகாது. சில ஆண்டுகளுக்கு முன், மரணப் படுக்கையில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு நோயில் பூசுதல் வழங்கச் சென்றோம். சுற்றிலும் நின்றோர் செபமாலை சொல்லத் தொடங்கினர். அம்மூதாட்டி தம் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, "நீ சொல்லு கண்ணு" என்றார். பத்து வயதுச் சிறுமி அவள். ஆங்கிலத்தில் அச்செபத்தை அழகாகச் சொன்னாள், ஓரிடத்திலும் பிழையில்லை. பாட்டி சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "நம்ம செபம் சொல்லு" என்றார். குழந்தையால் இயலவில்லை. விழித்தாள், பின் அழுதாள். அவளைத் தேற்றிவிட்டு, பாட்டியின் செவியருகே நாமே சொல்லி முடித்தோம். அப்பிள்ளையின்மீது என்ன குற்றம்? தமிழில் பேசினால் அபராதம் என்னும் பள்ளியில் அவள் படித்தாள். வீட்டிலும் ஆங்கிலமே பேசு என்று அறிவுறுத்தப்பட்டாள். அவளுக்கு ஒரு மொழி கொடுக்கப்பட்டது. அதற்கு விலையாக ஒரு மொழி எடுத்துக்கொள்ளப்பட்டது. அவ்விலையை அந்த இரவில் செலுத்தியவர் அப்பாட்டி.

புனித மாற்கு தம் நற்செய்தியைக் கிரேக்க மொழியில் எழுதினார். ஆனால் இறந்துபோன பன்னிரண்டு வயதுச் சிறுமியை இயேசு கைப்பிடித்து எழுப்பும் இடத்தில், ஆண்டவர் அவளை அழைத்த அரமேயச் சொற்களை அவ்வாறே விட்டுவைத்து, பொருளைப் பின்னர் தருகிறார். 'தலித்தா' என்பது அவளுடைய வீட்டில், அவளுடைய தாய் வாயில் வழங்கிய சொல். உயிர்தரும் அழைப்பு ஒரு குழந்தைக்கு அவளுடைய சொந்த மொழியிலேயே வந்தது என்பதை நற்செய்தியாளர் மறைக்க மனங்கொள்ளவில்லை. பெந்தெகோஸ்து நாளிலும் தூய ஆவியார் அனைவரையும் ஒரே மொழிக்கு மாற்றிவிடவில்லை. கூடியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டனர். வந்தவர் மொழி, கேட்பவர் மொழியை அழிக்கவில்லை; அதனுள் புகுந்து பேசியது.

எனவே கடல் கடந்து கற்பிக்கச் செல்வோர்க்கு நாம் சொல்ல விழைவன சில. முதலாவது, பெயர். சீனத்தில் ஆங்கில வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அது ஆசிரியர்க்கு எளிது. ஆயினும், ஆயன் தன் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைப்பது அவன் தந்த புதுப் பெயரால் அன்று. அவை அறிந்த பெயரால். சீனத்தில் 'மா' என்னும் ஒரே ஒலி, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாயாகவும் சணலாகவும் குதிரையாகவும் வசவாகவும் மாறும். நம் நாவுக்கு அது எளிதன்று. முதல் வாரத்தில் பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் திருத்தத் திருத்தச் சொல்லிப் பழகுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆசிரியரும் இடறுவார் என்று கண்ட குழந்தை, தானும் இடற அஞ்சாது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லித் தொடங்கியோர்தானே நம்மில் பலரும்!

இரண்டாவது, செவி. எழுத்துக்கு முன் ஒலி. ஒலிக்கு முன் கை, கால், பாட்டு, விளையாட்டு. கைதட்டிப் பாடும் பாட்டில் நுழையும் சொல்லைக் குழந்தை சுமையென உணர்வதில்லை. மூன்றாவது, பரிமாற்றம். நீங்கள் ஒரு சொல் கொடுத்தால், அவர்களிடமிருந்து ஒரு சொல் பெறுங்கள். கொடுப்பதற்குத் தன்னிடமும் ஒன்று உண்டு என்று அறிந்த குழந்தை தலைநிமிர்ந்து கற்கும்.

இம்மூன்றும் கடல் கடந்தோர்க்கு மட்டும் உரியனவல்ல. நம் இல்லங்களிலும் இரு மொழிகள் வந்து தங்கிவிட்டன. இவ்விதழை வாசிக்கும் பெற்றோரை ஒன்று வேண்டுகிறோம். இரவுச் செபத்தைத் தாத்தாவோ பாட்டியோ தமிழில் தொடங்கட்டும். பிள்ளைகள் தொடர்ந்து சொல்லட்டும். செபம் முடிந்தபின், அன்று பள்ளியில் கற்ற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை பாட்டிக்குக் கற்பிக்கட்டும். பாட்டியின் நாவு தடுமாறும்போது பேரப்பிள்ளை பொறுமையாய்த் திருத்தும். அத்தகைய வீட்டில் எந்த மொழிக்கும் விலை செலுத்த வேண்டிய தேவை இராது.