குறிஞ்சி கற்பித்தவன் குன்றேறிய கதை

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டபொழுது, கல்லூரி நினைவுகளாயின் நன்று என்றுங் கூறியிருந்தனர். அவற்றை என்னினும் மூத்தோர் சுவைபட எழுதுவர். யான் எழுதப் புகுவது, இந்துசமுத்திரத்தின் எரிமலைத் தீவாகிய மொறிசியசில் மலையேறிய ஒரு நாளைப்பற்றி. ஆயினும் அந்நாளின் வித்து எமது கல்லூரி வகுப்பறையிலேயே விழுந்ததாதலின், இக்கட்டுரை மலருக்குப் புறம்பாகாதென நம்புகின்றேன்.

1993 ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு. ஐந்திணையைத் தொடங்கிய எமது தமிழாசிரியர், "உங்களில் மலையைக் கண்டவர் எத்தனை பேர்?" என்று வினவினார். குடாநாட்டிலிருந்து தெற்கே செல்லும் பாதைகள் போரினால் அடைபட்டிருந்த காலம் அது. நாற்பது பேரில் மூவரே கையுயர்த்தினர். என் பக்கத்திலிருந்த நண்பர் நான்காவதாக எழுந்து, "கீரிமலை, சேர்" என்றார். வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. மலை என்னும் பெயர் பூண்டதன்றிக் கீரிமலையில் ஏறுவதற்கு யாதுமில்லை என்பதை யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கந் திரும்பி, சிமையம், கோடு, அடுக்கல், சாரல், கவான், விடர், முழை என்று மலைக்குரிய சொற்களை நிரல்பட எழுதி, "காணாதவர் இவற்றையேனும் மனனஞ் செய்க" என்றார். செய்தோம். பின்னர் யானும் ஆசிரிய கலாசாலையிற் பயின்று தமிழாசிரியனாகி, அதே சொற்களை என் மாணவர்க்குப் பதினெட்டு ஆண்டுகள் மனனஞ் செய்வித்தேன். மலைநாட்டைப் பேருந்துச் சாளரத்தூடு கண்டதுண்டு, காலூன்றி ஏறியதில்லை.

கீரிமலை என்ற அந்நண்பர் பிற்காலத்தில் மொறிசியசிற் கணக்காளராகப் பணிபுரியச் சென்றார். 2018 ஆகஸ்ட் விடுமுறையில் அவரது அழைப்பையேற்று அங்கு போயிருந்தேன். மூன்றாம் நாளிரவு உண்டுகொண்டிருக்கையில், "மச்சான், இவ்வளவு காலம் குறிஞ்சி படிப்பிச்சாய். ஒருக்கா ஏறிப் பாரன்" என்றார். மறுக்க வழியில்லை.

அவர் தெரிந்த மலையின் பெயர் கோர் த கார்த். காவற்படை என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தப்பியோடிய அடிமைகளைக் கண்காணிக்கப் படைவீரர் நிறுத்தப்பட்டிருந்த இடமாதலால் அப்பெயர் வந்ததென்பர். உயரம் ஏறத்தாழ 720 மீற்றர். எமது பீதுருதாலகாலையின் மூன்றிலொரு பங்குமில்லை. அந்த எண்ணைக் கேட்டு யான் சற்றே இறுமாந்தேன் என்பதை மறைப்பானேன்?

வழிகாட்டியாக வந்தவன் நண்பரின் அலுவலகத்து இளைஞனொருவன். அகவை இருபத்திரண்டிருக்கும். நான்கைந்து தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து கரும்புத்தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோரின் வழித்தோன்றல். அவன் பேசுவது கிறியோல், எம்முடன் ஆங்கிலம். தமிழ் இல்லை.

ஏறுமுன் கோயிலுக்குச் சென்றோம். அம்மலையின் சரிவிலே, கத்ர் போர்ன் நகரை நோக்கியவாறு, முருகன் கோயிலொன்று உள்ளது. படிகளேறிச் செல்லவேண்டும். அந்நாட்டில் தைப்பூசம் அரச விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து, அலகு குத்திக் காவடியுடன் இப்படிகளில் ஏறுவர். அவ்விளைஞனும் சிறுவயது முதற் காவடி எடுப்பவன். தொல்காப்பியர் மலைநிலத்தைச் சேயோனுக்கு உரித்தாக்கியதையும், ஆறு படைவீடுகளுள் ஒன்று குன்றுதோறாடல் எனப்படுவதையும் வகுப்பிற் கூறுவேன். கடல்கடந்து வந்த கூலிமக்கள் கண்ணெதிரே நின்ற குன்றிலே தம் தெய்வத்தைக் குடியமர்த்தியதைக் கண்டபோது நெஞ்சு நெகிழ்ந்தது. அந்நெகிழ்ச்சி நிலைக்கவில்லை. அங்கு எழுதியிருந்த தமிழ் வரியொன்றை வாசிக்குமாறு அவனைக் கேட்டேன். தொடக்கப்பள்ளியிற் சிறிது படித்ததாகவும் மறந்துவிட்டதாகவும் கூறினான். அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்நாட்டு ரூபாத்தாளொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதிலுள்ள தமிழெழுத்தையும் தமிழ் எண்ணையும் காட்டி, "உன் நாட்டுப் பணத்துக்குத் தமிழ் தெரியும், உனக்குத் தெரியாதா?" என்றேன். சொல்லிய பின்னரே அருகில் அவன் தாய் நின்றதைக் கண்டேன். அவன் முகம் கறுத்தது. நண்பர் என் முழங்கையை அழுத்தினார். பதினெட்டு ஆண்டுப் பிரம்பு நாவிலே தங்கிவிட்டது போலும்.

பின்னர் வண்டியில் மலையைச் சுற்றிச் சென்று, ஏறுவழி தொடங்குமிடத்தில் இறங்கினோம். முதல் ஒரு மணி நேரம் மரநிழலினூடே நடை. சீனக்கொய்யாப் புதர்கள் இருபுறமும் நெருங்கி நின்றன. குரங்குக் கூட்டமொன்று எம்மைப் பொருட்படுத்தாமற் கடந்து சென்றது. மூச்சு வாங்கியதைத் தவிரத் துன்பமில்லை.

முதற்றடவை அமர்ந்து நீர் பருகிய இடத்திலே நிலத்தைக் கவனித்தேன். காலடியில் நொறுங்கிய கரிய பசாற்றுப் பாறை. கடலடியிலிருந்து எரிமலைக்குழம்பு படைபடையாக உறைந்தெழுந்து ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளின் முன் இத்தீவு தோன்றியது. ஆதி எரிமலையின் நடுப்பாகம் இடிந்தமிழ்ந்தபின் எஞ்சிய விளிம்பே இன்று தீவைச் சூழ்ந்து துண்டுதுண்டாய் நிற்கும் மலைகள் என்பர் புவிச்சரிதவியலார். உடைந்த பானையின் வாய்விளிம்பு மண்ணுக்குமேற் பல்லுப்பல்லாய்த் தெரிவதை எண்ணிக்கொள்க. அதனாலேதான் இம்மலைகள் உயரத்திற் சிறியவாயினும் செங்குத்தில் அஞ்சத்தக்கன. இத்தீவை ஈன்ற வெப்பவூற்று இப்போது அயலிலுள்ள ரியூனியன் தீவின் எரிமலையைப் பொங்கச் செய்கின்றது. தக்கணத்தின் கரும்பாறைப் பரப்பும் அவ்வூற்றின் பழைய படைப்பே. பின்னர் படித்தறிந்த செய்தியொன்றையும் இங்கு கூறிவிடுகின்றேன்: தட்டையாய்க் கிடக்கும் எமது யாழ்ப்பாணச் சுண்ணக்கல் இம்மலையினும் மூத்தது. கீரிமலையைப் பார்த்துச் சிரித்தவர்கள் கவனிக்க.

மரங்கள் முடிந்த இடத்தில் மலையின் முதுகு தொடங்கிற்று. அகலம் சில இடங்களில் நான்கு முழம்; சில இடங்களில் அதுவுமில்லை. ஒருபுறம் நகரின் வீடுகள் தீப்பெட்டிகளாய்க் கீழே கிடந்தன. மறுபுறம் காடு கிடுகிடுவென்று இறங்கியது. அங்கு ஆகஸ்ட் மாதம் பனிக்காலம்; தென்கீழ்க் காற்று ஓயாது வீசும். கீழே இனிதாயிருந்த அக்காற்று, இங்கே யாரோ தோளைப்பற்றித் தள்ளுவது போலிருந்தது. யான் நடப்பதை விட்டு இருந்து இருந்து நகரலானேன். வேட்டி கட்டிய ஆசிரியனாக என்னைக் கண்ட மாணவர் எவரும் அங்கில்லாதது என் நற்பேறு.

உச்சிக்குச் சற்று முன்னே பாறைச் சுவரொன்று குறுக்கிட்டது. மூன்றாள் உயரமிருக்கும். கையும் காலும் சேர்ந்தே ஏறவேண்டும். இளைஞன் பல்லியைப்போல் ஏறிக் காட்டி, மீண்டும் இறங்கி வந்தான். நண்பரும் ஏறிவிட்டார். யான் பாதியுயரம் சென்று நின்றேன். மேலே போக இயலவில்லை; கீழே காலை நீட்டினால் வெறும் வெளி. இடக்கையாற் பற்றிய கல் மெல்ல அசைந்தது. முழங்கால்கள் என் ஆணையின்றியே நடுங்கின. வீட்டையும் பிள்ளைகளையும் எண்ணினேன். அப்பொழுது எந்தச் செய்யுளும் நினைவுக்கு வரவில்லை. மேலேயிருந்து நண்பர், "மச்சான், கீழை பாராதை" என்று கத்தினார். அதைக் கேட்டவுடன் பார்த்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் அவ்வாறு ஒட்டிக் கிடந்தேனோ அறியேன். என் வலக்காலை ஒரு கை பற்றியது. "டுஸ்மான், மிஸ்யே, டுஸ்மான்" என்றான் இளைஞன். மெல்ல, ஐயா, மெல்ல என்பது பொருள். எனக்கு ஒருபடி கீழே வந்து நின்றுகொண்டு, அசைந்த கல்லை விடச் சொன்னான். கல்லைப் பற்றுமுன் தட்டிப் பார்க்கவேண்டும் என்றும், கைகால் நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க ஒன்றை மட்டுமே பெயர்க்கவேண்டும் என்றும் கூறினான். பின் என் பாதத்தைத் தானே தூக்கிப் பாறையின் வெடிப்பொன்றினுள் வைத்து அழுத்தினான். கால் உள்ளே இறுகிப் பொருந்தியது. அந்நொடியில் அச்சொல் வந்தது: விடர். மலைப்பிளப்பு என்று பதினெட்டு ஆண்டுகள் பொருளெழுதிக் கொடுத்த சொல். அது ஒரு பாதத்தைத் தாங்குமளவுடையது என்றும், உள்ளே ஈரமும் பாசியும் இருக்குமென்றும் எனக்கு எவரும் சொன்னதில்லை. அடுத்த காலுக்குப் பிளப்பில்லாத இடத்தில் அவன் தன் தோளைத் தந்தான். காலையிற் கடிந்துரைத்தவனின் சப்பாத்தை அவன் தோளிலே தாங்கினான். ஏறிவிட்டேன்.

உச்சியிலிருந்து கண்ட காட்சியைச் சுருக்கமாகவே கூறலாம். என் கண்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. வடகிழக்கே லெ பூசும், தலையிற் பெருங்கல்லைச் சுமந்த பீட்டர் போத்தும். 1836 இல் சாள்ஸ் டார்வின் லெ பூசில் ஏறினார். தெற்கே முக்குவடுடைய திரோய் மமேல். அப்பால், தப்பியோடிய அடிமைகளுக்குப் புகலிடமாயிருந்த லெ மோர்ன். வாலிழை நீண்ட வெண்பறவையொன்று எமக்குக் கீழே பறந்தது. பறவையின் முதுகை மேலிருந்து நோக்கியது எனக்கு அதுவே முதற்றடவை.

இளைஞன் கோயிலிருந்த திசையை நோக்கிக் கைகூப்பி ஏதோ பாடினான். காவடிப் பாட்டு. தமிழ்தான், ஆனால் ளகர ழகரங்கள் மடிந்து, சொற்கள் இடம் மாறி ஒட்டியிருந்தன. கேட்டுப் படித்ததன்றி எழுத்திற் கண்டதன்று. திருத்தவேண்டுமென்று நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன், அடக்குவது பாறையேறுவதிலும் எளிதாயில்லை. பாடி முடித்தபின் அவனே என்னிடம், என் கால் இறுகிய வெடிப்புக்குத் தமிழில் என்ன பெயரென்று கேட்டான். யான் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறான். விடர் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பின் சரிவைக் காட்டினான்; சாரல் என்றேன். யாமிருந்த சிகரம், சிமையம் என்றேன். கவான் எதுவென்று யானே சுற்றுமுற்றும் தேடினேன். எதிர்மலையின் பக்கச்சரிவைக் காட்டிவிட்டேன், சரியாயிருக்குமென்றே நினைக்கிறேன்.

இறங்குகையில், பாறையை நோக்கித் திரும்பியவாறே காலைக் கீழே விடவேண்டும். அவன் முன்னே இறங்கி என் கால்களை ஒவ்வொன்றாய் இருத்தினான். நடுவழியில், "காலையிலே கோயிலில் யான் சொன்னது…" என்று ஆங்கிலத்திற் தொடங்கினேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டு, "டுஸ்மான், மிஸ்யே" என்றான். பேச்சை நிறுத்திக் காலைக் கவனித்தேன். அடிவாரத்தில் அவன் தாய் கொடுத்தனுப்பிய உணவை மூவரும் உண்டோம்.

சென்ற தைப்பூசத்துக்குப் பின் அவனிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. அதே பாறை, அதே வெடிப்பு. கீழே தமிழெழுத்தில் "விடற்" என்று எழுதியிருந்தான். றகரம் பிழையென்று அன்றிரவே மறுமொழி அனுப்பிவிட்டேன்.