ஐந்து வார மௌனம்

நேற்றிரவு உறக்கம் பிடிக்காமல் கைபேசியில் எதையோ தேடப்போக, கனடாவின் புல்வெளிச் சமவெளியில் எட்மண்டன் நகரத்திலிருந்து ஒலிக்கும் சிகேயூஏ வானொலி அகப்பட்டது. பழைய இசைத்தட்டின் கரகரப்பும், அவசரமறியாத ஓர் அறிவிப்பாளரின் குரலும்.

1927-இல், ஆல்பர்ட்டா சர்வகலாசாலையின் பிரசங்கங்களைத் தூரத்துப் பண்ணை வீடுகளுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும் என்னும் உத்தமமான நோக்கத்தோடு பிறந்த அந்நிலையம், 1997 மார்ச் மாதத்தில், கையில் பணமின்றித் திடீரென மௌனமாயிற்று.

ஜனங்கள் விட்டார்களா?
ஐந்தே வாரம். நேயர்கள் பணம் திரட்டி, அதை மீண்டும் பேசவைத்துவிட்டார்கள்.

அந்த ஐந்து வாரமும், விடியற்காலையில் பழக்கத்தால் குமிழைத் திருகிவிட்டு, வெறும் இரைச்சலைக் கேட்டபடி அடுப்பங்கரையில் நின்றிருக்கக்கூடிய ஒரு கோதுமைப் பண்ணைக்காரரையே என் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

குரல் திரும்பிய அன்று, அவர் அழுதிருப்பாரோ?